இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு ஷிஜாவும்

சாப்பாட்டு மேசையில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் கிடந்தன. இரண்டிலும் ஷிஜாவின் முகம்தான். பழையதில் ஆள் கொஞ்சம் ஒல்லி, பெயர் ஷிஜா ஜெயதாஸ். புதியதில் கன்னம் வைத்திருந்தது, பெயர் ஷிஜா நிபின். கல்யாணம் முடிந்து பெயரை மாற்றிப் புதியதை வாங்கியபோது பழையதன் அட்டையில் ஒரு மூலையை வெட்டி, உள்ளே ரத்து என்று முத்திரையும் குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கா போவதற்கான பத்து வருட விசா அந்த மூலை வெட்டியதற்குள்தான் ஒட்டியிருந்தது. அதற்கு இன்னும் ஏழு வருடம் ஆயுள் பாக்கி. உயிரோடு இருக்கிற பாஸ்போர்ட்டில் விசா இல்லை, விசா இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு உயிர் இல்லை. இதில் எதைக் கொண்டு விமானம் ஏறுவது என்று கேரள எல்லையோரத்துப் பாறசாலையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று வாய் திறந்து சொன்னவர்களும் யாரும் இல்லை.

போகாமல் இருக்க முடியாது. ஷிஜாவின் அக்கா ஷாலு அமெரிக்காவில் நர்ஸ். இரண்டாவது பிரசவத்துக்கு வியாழக்கிழமை ஆப்பரேஷன் என்று குறித்துவிட்டார்கள். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தவள் அவள். அன்றைக்கு அம்மா ராஜபாயும் ஷிஜாவும் கூட இருந்தார்கள். அதற்காக எடுத்ததுதான் இந்த விசா. இந்தத் தடவை அம்மா சர்ச் படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறாள். ஷாலுவின் கணவன் ராபின்சனுக்குக் கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவனுக்கே நிச்சயமில்லை. மிச்சம் இருப்பது ஷிஜா ஒருத்திதான்.

ஷாலு யாரிடமும் எதுவும் கேட்கிற பிறவி இல்லை. அப்படிப்பட்டவள் போன வாரம் போனில் குரல் இறங்கிப்போய்க் கேட்டாள்.

"மக்கா, நீ வருவியா? உள்ள கொண்டு போவும்போ நீ வெளிய நிக்குதன்னு தெரிஞ்சா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வாறேன்க்கா" என்று ஷிஜா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மேசையில் கிடந்த இந்த இரண்டையும் திறந்து பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது.

முதலில் உதியன்குளங்கரையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அனூப்பிடம் போனாள். புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே அவன்தான். அப்போது விசாவைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கல்யாண மயக்கத்தில் யாருக்கு அதெல்லாம் நினைவு வரும்?

"விசா செல்லும் டீச்சர்" என்றான் அனூப், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ரெண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கிடுங்க. கல்யாண சர்ட்டிபிகேட்டும் வேணும். டிக்கெட் புதுப் பேருல போடுகேன். புதுசா விசா எடுத்தா இன்னும் நல்லதாக்கும்."

"புதுசு எப்ப கிட்டும்?"

"இண்டர்வியூவுக்கு நாள் கிட்டவே ஒரு வருஷம் ஆவும்."

"அக்காவுக்கு வியாழக்கிழமையாக்கும் ஆப்பரேஷன். அப்போ இது செல்லுமா, செல்லாதா?"

"செல்லும். ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் ஒருவர் உள்ளே வந்து பெங்களூர் பஸ்ஸுக்கு சீட் கேட்டார். அனூப் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். ஷிஜா அந்த 'ஆனா'வைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் விஜயம்மா டீச்சர் அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். அவளுடைய சித்தி மகளை விமானநிலையத்திலிருந்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எந்த நாட்டுக்குப் போனாள், பெயர் மாறியிருந்ததா என்று துருவிக் கேட்டால், போனது குவைத்துக்கு, பெயர் ஒன்றும் மாறவில்லை, விசா முடிந்துபோன பிறகு போயிருக்கிறாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன பந்தம் டீச்சர்?"

"பந்தம் ஒண்ணும் இல்ல. ஆனாலும் திருப்பி விட்டாங்கல்லா" என்றாள் விஜயம்மா. நல்ல மனசுதான் அவளுக்கு. பயமுறுத்தாமல் பேசத்தான் வராது.

அம்மாவைப் பார்க்கப் போனால் அங்கே வேறு நியாயம். அவர்கள் சபையில் ஒரு பெண் கல்யாணமாகிப் போனால், பிறந்த வீட்டுச் சபையின் புத்தகத்தில் அவள் பெயரைக் கோடு போட்டு வெட்டுவார்கள். வெட்டிய பிறகே புருஷன் வீட்டுச் சபையில் எழுதுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சபையில் ஒருத்தி இருக்க முடியாது. ராஜபாய் உலகத்தின் எல்லா அலுவலகங்களையும் அந்தப் புத்தகத்தை வைத்தே அளந்தாள்.

"வெட்டினது வெட்டினதாக்கும் பிள்ளே. வெட்டின பேருல எப்பிடி பிளேன்ல ஏத்துவான்? பாஸ்டரிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டா?"

"பாஸ்டரா அம்மா விசா குடுக்குதாரு?" என்று ஷிஜா எரிந்து விழுந்தாள். விழுந்துவிட்டு, மாவுக்கட்டுக் காலைத் தடவிக் கொடுத்தாள். தன்னால் போக முடியவில்லையே என்ற வேதனையில்தான் அம்மா இப்படிப் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் எல்லாருடைய பேச்சையும் அடித்து வீழ்த்தியது அவள் புருஷன் நிபினின் பேச்சு. காரணம், இந்த விஷயத்தில் தனக்கு அனுபவம் உண்டு என்று அவன் மனதார நம்பினான்.

நிபினுக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளைச் சந்தையிலிருந்து வாழைக்குலையும் காய்கறியும் ஏற்றி பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகளில் இறக்குவான். ஒரு நாளைக்கு நாலு தடவை மாநிலம் மாறுகிற பிழைப்பு. எல்லையோர ஆட்களுக்கு எல்லாமே இரண்டிரண்டு. அந்தப் பக்கம் ஒரு சொந்தம், இந்தப் பக்கம் ஒரு சொந்தம். அந்தப் பக்கம் ஒரு விலாசம், இந்தப் பக்கம் ஒரு விலாசம். சிலருக்கு ரேஷன் கார்டும் இரண்டு உண்டு என்பார்கள். அந்தக் கதை நமக்கு எதற்கு? கொரோனாக் காலத்தில் இரண்டு அரசும் தனித்தனியாகப் பாஸ் கொடுத்தபோது, நிபின் தமிழ்நாட்டுப் பாஸை இடது பையிலும் கேரளப் பாஸை வலது பையிலும் வைத்துக்கொண்டு ஓடினான். ஒரே ஒரு நாள் தெரியாத்தனமாக இரண்டையும் சேர்த்து நீட்டிவிட்டான். ஒன்றில் ஊர் பாறசாலை, மற்றதில் களியக்காவிளை. போலீஸ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "நீ சத்தியத்தில எவிடத்துக்காரனாடா?" என்று கேட்டு ஓரம் கட்டினார். சாயங்காலம் வரை விடவில்லை. தக்காளி மொத்தமும் வெயிலில் கூழாகிவிட்டது. அன்றைக்குப் படித்த பாடத்தை நிபின் வேதவாக்காக வைத்திருந்தான்.

"கேட்டதை மட்டும் காட்டணும் பிள்ளே. பாஸ்போர்ட் கேட்டா புதுசு. விசா கேட்டா பழசு. ரெண்டையும் ஒண்ணா காட்டினியோ, போச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு பாஸ்போர்ட் இருக்கது குத்தமாக்கும். மனசிலாச்சா?"

"அனூப் ரெண்டையும் எடுத்துக்கிட சொன்னானே."

"எடுத்துக்கோ. காட்டாதே. அதாக்கும் வித்தியாசம்."

ஷிஜாவுக்கு அது சரி என்றும் பட்டது, தப்பு என்றும் பட்டது. ஆனால் அந்த வீட்டில் நிச்சயமாகப் பேசிய ஒரே ஆள் நிபின்தான். குழம்பிப் போனவர்களுக்கு நிச்சயமாகப் பேசுகிறவன் கடவுள் மாதிரி. அவள் கைப்பையின் ஒரு அறையில் புதியதையும் மறு அறையில் பழையதையும் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நிபின் பிக்கப்பிலேயே அவளைத் திருவனந்தபுரம் விமானநிலையத்துக்குக் கொண்டு வந்து இறக்கினான். பின்னால் பெட்டிகளோடு நேந்திரங்குலைகளும் இருந்தன. திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரையில் இறக்க வேண்டுமாம். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கேட்டார். ஷிஜா புதியதை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். நிபின் வெளியிலிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். ஷிஜாவுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பெட்டி போடுகிற கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ரேஷ்மி என்று எழுதியிருந்தது. சிரித்த முகம். புதிய பாஸ்போர்ட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"மேடம், இதில் விசா இல்லல்லோ?"

"உண்டு" என்றாள் ஷிஜா. உடனே அந்தப் பாஸ்போர்ட்டைக் கை நீட்டி வாங்கினாள், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள், மறு அறையைத் திறந்து பழையதை எடுத்துக் கொடுத்தாள். விசா கேட்டால் பழசு.

ரேஷ்மியின் சிரிப்பு பாதியில் நின்றது. மூலை வெட்டிய அட்டையைத் தடவிப் பார்த்தாள். டிக்கெட்டில் ஷிஜா நிபின். கையில் இருப்பது ஷிஜா ஜெயதாஸ், அதுவும் ரத்தானது. முதலில் தந்தது எங்கே என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எழுந்து போய், நரைத்த தாடி வைத்த ஒரு மேலதிகாரியைக் கூட்டி வந்தாள்.

அவர் பழையதைப் பார்த்தார். "இது செல்லாத பாஸ்போர்ட். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் எவிடெ?" என்று கேட்டு, அதைக் கவுண்டர் மேல் வைத்தார். ஷிஜா அதை வெடுக்கென்று எடுத்துப் பைக்குள் ஒளித்துவிட்டு, புதியதை எடுத்து நீட்டினாள். பாஸ்போர்ட் கேட்டால் புதுசு. அவர் புரட்டிப் பார்த்தார், விசா இல்லை. நிமிர்ந்தார்.

"நிங்களுக்கு எத்ர பாஸ்போர்ட் உண்டு?"

இந்தக் கேள்விக்கு நிபின் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு என்றால் குற்றம். ஒன்று என்றால் பொய். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று ஷிஜாவுக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடமாக உண்மை பேசச் சொல்லிப் பிள்ளைகளை அடித்து வளர்த்த டீச்சர், கூசாமல் சொன்னாள்.

"ஒண்ணுதான்."

சொன்ன மறுகணமே அவளுக்குத் தான் செய்த காரியத்தின் லட்சணம் புரிந்துவிட்டது. இரண்டையும் இப்போதுதானே அவர் கண்ணாலேயே பார்த்தார்! அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. புதியதை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "மேடம், ஆ பெஞ்சில் இரிக்கணும்" என்று ஓரத்தைக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஷிஜா பெஞ்சில் உட்கார்ந்து நிபினைக் கூப்பிட்டாள். அழுகையும் ஆத்திரமுமாக நடந்ததைச் சொன்னாள்.

"ரெண்டையும் ஒண்ணா காட்டிட்டியோ?" என்றான் அவன்.

"இல்ல! நீங்க சொன்ன மாதிரியே மாறி மாறித்தான் காட்டினேன்."

"பின்ன எதுக்கு உக்கார வச்சிருக்கான்?"

"அதாக்கும் எனக்கும் தெரியல!"

"பதறாதே. நான் அனூப்பைக் கூப்பிடுகேன்." அனூப் போனை எடுக்கவில்லை. நிபின் யார் யாரையோ கூப்பிட்டான். ஒருவர் பெயர் மாற்றத்துக்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்றார். ஒருவர் சென்னைக்குப் போக வேண்டும் என்றார். ஒருவர் புருஷனும் கூடப் போனால் விட்டுவிடுவார்கள் என்றார். எல்லாவற்றையும் நிபின் அவளுக்கு அப்படியே அஞ்சல் செய்தான். ஷிஜாவின் தலைக்குள் சந்தை கூடிவிட்டது. தான் ஜெயதாஸின் மகளாகப் போக வேண்டுமா, நிபினின் மனைவியாகப் போக வேண்டுமா, இரண்டு பேரும் வேண்டாம் என்று இங்கேயே உட்கார்ந்துவிட வேண்டுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. புதியதைப் பைக்குள் வைக்கவும் மறந்து கையிலேயே பிடித்திருந்தாள்.

அப்போது ஷாலுவிடமிருந்து போன் வந்தது. அங்கே ராத்திரி.

"மக்கா, பிரஷர் ஏறிப்போச்சு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. வியாழக்கிழமை வரைக்கும் வைக்க மாட்டாங்களாம். மருந்து குடுத்துப் பாக்குதாங்க. கேக்கலன்னா நாளைக்கே எடுத்திருவாங்க. நீ ஏறியாச்சா?"

ஷிஜா கவுண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏறப் போறேன்க்கா."

"ஏறினதும் சொல்லு. நீ ஏறியாச்சுன்னு தெரியாம நான் உள்ள போவ மாட்டேன்னு டாக்டரிட்ட சொல்லியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள் ஷாலு. அந்தச் சிரிப்பு வரவில்லை.

போனை வைத்தபோது கவுண்டரில் வரிசை கரைந்து இரண்டு மூன்று பேர்தான் நின்றார்கள். ஷிஜாவுக்குத் திடீரென்று எல்லார் மேலும் கோபம் வந்தது. பெயரை மாற்றினால் என்ன, வெட்டினால் என்ன, நான் என்ன கள்ளக்கடத்தலா செய்கிறேன்? எனக்க பாஸ்போர்ட்டை நானே எதற்கு ஒளித்து வைக்கிறேன்? எழுந்தாள். நேராகப் போய் மேலதிகாரியின் முன்னால் நின்று, கையில் இருந்ததைக் கவுண்டர் மேல் வைத்தாள். பையின் இரண்டு ஜிப்பையும் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அதன் பக்கத்திலேயே எடுத்து வைத்தாள். பழையது, கல்யாண சர்ட்டிபிகேட், ஆதார், கூடவே ஒரு சீப்பும் அம்மா கொடுத்தனுப்பிய இருமல் மாத்திரையும்.

"சாரே, நான் நேரத்தே பொய் சொன்னேன்" என்றாள். எது மலையாளம், எது தமிழ் என்று அவளுக்கு அப்போது பிரித்துத் தெரியவில்லை. "ரெண்டும் எனக்குள்ளதாக்கும். இது கல்யாணத்துக்கு முன்ன. இது பின்ன. ரெண்டும் நான்தான். எனக்க அக்காவை அங்க ஆப்பரேஷனுக்குக் கொண்டு போவப் போறாங்க. என்னைப் பிடிச்சு வைக்கணும்னா வையுங்க. ஆனா அவளிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லணும்."

அவர் சீப்பை மட்டும் எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கம் பக்கமாக விரித்தார். புதியதன் கடைசித் தாளைத் திருப்பினார். அங்கே பழையதன் எண் அச்சாகியிருந்தது. சர்ட்டிபிகேட்டில் இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். யாருக்கோ போன் செய்து ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். ஷிஜா கர்த்தரை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றாள். வேறு யாரையாவது நினைத்தால் அவர்களும் ஒரு யோசனை சொல்வார்கள் என்று பயம்.

போனை வைத்துவிட்டு அவர் கேட்டார்: "மேடம், இது ரெண்டும் ஒருமிச்சு ஆத்யமே தந்நிருந்நெங்கில் ஒரு ப்ரஸ்னவும் இல்லாயிருந்நு. எந்தினா ஒளிச்சு வச்சது?"

முதலிலேயே சேர்த்துக் கொடுத்திருந்தால் ஒன்றுமே இல்லையாம். எதற்கு ஒளித்தாள்? களியக்காவிளைத் தக்காளிக்காக என்று எப்படிச் சொல்வது? ஷிஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரேஷ்மி பெட்டியில் ஒட்டுச்சீட்டு ஒட்டி, போர்டிங் பாஸை அவள் உள்ளங்கையில் திணித்து, "வேகம் போய்க்கோ சேச்சி" என்று தோளைத் தள்ளினாள்.

ஓடிப் போய் சீட்டில் விழுந்த பிறகு, போனை அணைக்கச் சொல்வதற்குள், ஷிஜா ஒரே வார்த்தையை இரண்டு பேருக்கும் அனுப்பினாள். ஏறியாச்சு. நிபினிடமிருந்து கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. ஷாலுவிடமிருந்து எதுவும் வரவில்லை.

அதன் பிறகு நடுவில் ஒரு விமானநிலையம், அங்கே ஒரு ஓட்டம், தூங்காத கண், இறங்காத சோறு. போன் அங்கே வேலை செய்யவில்லை. அக்கா இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல் பாதி உலகத்தைக் கடப்பது எவ்வளவு கொடுமை என்று கடந்தவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் இறங்கியதும் அங்கிருந்த அதிகாரி கேட்பதற்கு முன்பே இரண்டு பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்தாள். அவர் இரண்டு கேள்வி கேட்டு முத்திரை குத்தினார். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு வாரம் தூக்கம் போனது என்று நினைக்கக்கூட அவளுக்கு அப்போது தெம்பில்லை.

வாடகைக் காரில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரசவப் பிரிவின் வாசலில் பூட்டிய கதவு, பக்கத்தில் ஒரு மேசை, அதன் பின்னால் தடித்த கண்ணாடி போட்ட ஒரு நர்ஸம்மா. யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஷிஜாவுக்கு இங்கே எந்தப் பெயரைச் சொல்வது என்று மறுபடியும் குழப்பம். அக்கா எந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருப்பாள்? பழக்கத்தில் பழைய பெயரைக் கொடுத்திருந்தால்? கல்யாணத்துக்கு வந்தவள்தானே, புதியதைக் கொடுத்திருந்தால்? இரண்டு பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்து, ஷாலுவின் தங்கச்சி, என் பெயர் ஷிஜா, ஷிஜா ஜெயதாஸ், இல்லை, ஷிஜா நிபின், அதாவது இரண்டும், என்று திக்கினாள்.

நர்ஸம்மா பாஸ்போர்ட்டுகளைத் தொடவே இல்லை. கதவு திறக்கிற பொத்தானை அமுக்கினார். மத்தியானமே ஆப்பரேஷன் முடிந்துவிட்டது, பெண் குழந்தை, இந்தத் தடவையும் ரத்தம் போனது, ஆனால் நிறுத்திவிட்டோம், உன் அக்கா விழித்துத்தான் இருக்கிறாள் என்று நிதானமாகச் சொன்னார். நீ விமானம் ஏறிவிட்டாய் என்று செய்தி வந்த பிறகுதான் மயக்க மருந்துக்குச் சம்மதித்தாள் என்றும் சொன்னார்.

"யாரை உள்ளே விட வேண்டும், முழுப் பெயர் என்ன என்று கேட்டோம். எந்தப் பெயரில் வருவாளோ தெரியாது, ஷிஜா என்று யார் வந்தாலும் விடுங்கள், ரெண்டு பேரும் என் தங்கச்சிதான் என்றாள்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழந்தை அழுதது. ஷிஜா பாஸ்போர்ட்டுகளை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.